வகைப்பெயரும் வாணிகமும்: பலர் கூடி ஆடும் இணைய விளையாட்டுகளின் பெயராய்வு

பொருள்களுக்குப் பெயரிடுங்கால் காரணம் பற்றி இடுதலும் காரணம் பற்றாது இடுதலும் என இருவகை முறை உண்டென்பர் இலக்கண நூலார். முன்னது காரணப்பெயர், பின்னது இடுகுறிப்பெயர். காரணப்பெயராய்த் தோன்றிய சொல், வழக்கில் நெடுநாள் பயின்ற பின், தன் காரணத்தை இழந்து இடுகுறிபோல் நிற்பதும் உண்டு. எண்ணெய் என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும். எள்ளிலிருந்து பெற்ற நெய் எண்ணெய் எனப்பட்டது. பின்னர்த் தேங்காயிலிருந்தும் நிலக்கடலையிலிருந்தும் பெற்றனவும் அப்பெயரையே பெற்றன. நிலத்தின் அடியிலிருந்து எடுக்கப்பட்டதும் மண்ணெண்ணெய் ஆயிற்று. பெயர் இவ்வாறு பரந்தமையால், அதற்கு முதலில் உரிய பொருளைக் குறிக்க நல்லெண்ணெய் என்னும் வேறொரு சொல் வேண்டியதாயிற்று. இம்மாற்றத்தை எவரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. வழங்கும் மக்கள் வாயில் சொல் தானே விரிந்தது.

ஒரு பெயரைச் சூட்டினால் பொருள் விலைபோகும், மற்றொரு பெயரைச் சூட்டினால் விலைபோகாது என்னும் நிலை ஏற்படுமிடத்து இவ்வியல்பு மாறுகின்றது. அங்கே பெயர் விரிவதும் சுருங்குவதும் மக்கள் வழக்கால் மட்டும் நிகழ்வன அல்ல. விற்போரின் விருப்பமும் உடன் கலக்கின்றது. இக்கலப்பைக் காண்பதற்கு ஏற்ற களம், இணையத்தின் வழியாகப் பலர் கூடி ஆடும் கணிப்பொறி விளையாட்டுகளாகும். அவற்றின் வரலாறு அரை நூற்றாண்டுக்கு உட்பட்டது. பெயர் பிறந்த காலமும், இட்டவரும், மாற்றியவரும் பெரும்பாலும் அறியக் கிடக்கின்றன. நம் சிற்றிலக்கியங்களை ஆராய்வார்க்கு இவ்வாய்ப்பு இல்லை. பிரபந்தங்கள் 96 என்னும் தொகை வழக்கில் நிலைத்துவிட்டது. பாட்டியல் நூல்கள் தரும் பட்டியல்களோ ஒன்றோடொன்று முற்றும் ஒவ்வா. வகைப்பெயர் எவ்வாறு பிறந்து வளர்கின்றது என்பதைக் கண்முன் காட்டும் இப்புதுத் துறையில், பெயர் பொருளை உணர்த்துகின்றதா, மறைக்கின்றதா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பெயரின் தோற்றம்

1978-ஆம் ஆண்டில், இங்கிலாந்திலுள்ள எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பயின்ற ராய் டிரப்ஷா என்பார் ஒரு விளையாட்டை அமைக்கத் தொடங்கினார். அவருடன் பயின்ற ரிச்சர்டு பார்ட்டில் அதனை மேலும் வளர்த்தார். அவ்விளையாட்டில் படம் இல்லை. எழுத்து மட்டுமே உண்டு. ஆடுவோர் தாம் நிற்கும் இடத்தின் வருணனையைத் திரையில் படிப்பர். தாம் செய்ய விரும்புவதை எழுத்தாலேயே தெரிவிப்பர். ஒரே காலத்தில் பலர் அவ்வுலகிற் புகலாம் என்பதே அதன் புதுமை. அதற்கு இட்ட பெயர் 'மட்'. பலர் புகும் நிலவறை என்னும் பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்து அப்பெயர் ஆயின. அதனுள் வரும் நிலவறை என்னும் சொல்லும் அக்காலத்து வழங்கிய மற்றொரு விளையாட்டின் பெயரிலிருந்து கொள்ளப்பட்டதாகும். பின்னர், அம்முறையில் அமைந்த விளையாட்டுகள் யாவும் 'மட்' எனவே வழங்கலாயின. ஒன்றற்கு உரிய சிறப்புப்பெயர் ஓரினத்துக்குப் பொதுப்பெயராயிற்று. இவ்விரிவில் வாணிகத்தின் கை இல்லை. ஆடுவோரும் ஆக்குவோருமே அதனை வழங்கினர்.

படங்களோடு கூடிய உலகங்கள் தோன்றியபொழுது, தொடக்கத்தில் அவை 'படமுடைய மட்' என்றே சுட்டப்பட்டன. 1996-இல் மெரிடியன் 59 வெளிவந்தது. 1997-இல் அல்ட்டிமா ஆன்லைன் வெளிவந்தது. அதனை ஆக்கிய ரிச்சர்டு கேரியட் அவ்வாண்டில் வழங்கியதாகப் பலரும் கூறும் தொடரே இன்று எம்.எம்.ஓ.ஆர்.பி.ஜி. எனச் சுருங்கி நிற்பது. 'மாசிவ்லி மல்ட்டிபிளேயர் ஆன்லைன் ரோல்-பிளேயிங் கேம்' என்பது அதன் விரிவு. மிகப் பலர், இணையத்தின் வழி, ஒரு பாத்திரத்தை ஏற்று ஆடும் விளையாட்டு என்பது அதன் பொருள். எண், வாயில், செயல் என மூன்று காரணங்களைத் தன்னுட்கொண்ட பெயர் அது. அவ்வகையில் அது முற்றிய காரணப்பெயர் எனலாம்.

பெயரில் வெளிப்படாது, ஆயினும் ஆடுவோர் அனைவரும் உடன்கொண்ட இலக்கணங்கள் இன்னும் இரண்டு இருந்தன. அவ்வுலகம் நிலைபேறு உடையது என்பது ஒன்று. ஆடுவோர் கணிப்பொறியை நிறுத்தி உறங்கச் சென்ற பின்னரும் அங்கே பிறர் வாழ்வர், கடைத்தெரு நடக்கும், போர் நிகழும். மாதந்தோறும் கட்டணம் செலுத்த வேண்டும் என்பது மற்றொன்று. அல்ட்டிமா ஆன்லைனும், 1999-இல் வந்த எவர்குவெஸ்டும், அதன் பின் வந்தவற்றுட் பலவும் இவ்வாறே பொருளீட்டின. இவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையன. உலகம் இரவும் பகலும் இயங்க வேண்டுமாயின், அதனைத் தாங்கும் சர்வர்களும் ஓயாது இயங்க வேண்டும். அதற்குரிய செலவை ஆடுவோரே ஏற்றனர். ஆகவே அப்பெயரைக் கேட்டவர் ஒரு விளையாட்டு முறையை மட்டும் அறியவில்லை. ஒரு விலை முறையையும் உடன் அறிந்தனர். பிற்காலத்துப் பெயர்ப்பூசல்களுக்கு வித்து இவ்விடத்திலேயே உள்ளது.

2. பெயர் காரணத்தை விட்டு நீங்கியமை

ஒரு பொருளுக்குக் கூறும் இலக்கணம் மூவகைக் குற்றங்களுக்கு இடமாகும் என அளவை நூலார் கூறுவர். கபில நிறமுடையது பசு என்றால், அது பசுக்களுள் ஒரு பகுதிக்கே பொருந்தும்; இஃது அவ்வியாத்தி. கொம்புடையது பசு என்றால், எருமைக்கும் ஆட்டுக்கும் செல்லும், இஃது அதிவியாத்தி. ஒற்றைக் குளம்புடையது பசு என்றால், எப்பசுவுக்கும் பொருந்தாது, இஃது அசம்பவம். விளையாட்டு வகைப்பெயர்களை இவ்வளவுகோல் கொண்டு நோக்குவது பயன் தரும்.

2004-ஆம் ஆண்டு நவம்பரில் பிளிசார்டு நிறுவனத்தார் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் என்னும் விளையாட்டை வெளியிட்டனர். 2010 அக்டோபரில் அதற்குக் கட்டணம் செலுத்துவோர் தொகை 1 கோடியே 20 லட்சத்தைக் கடந்தது. எம்.எம்.ஓ.ஆர்.பி.ஜி. என்றவுடன் பலர் நினைவுக்கு வரும் விளையாட்டு அதுவே. அவ்விளையாட்டில் ஆடுவோர் புகும் உலகப் படிகள் பல; அவற்றுள் சிலவற்றுக்கு மட்டும் 'ரோல்-பிளேயிங்' என்னும் அடைமொழி தரப்பட்டிருந்தது. தாம் ஏற்ற பாத்திரத்தின் இயல்புக்கேற்பப் பேசி ஒழுக விரும்புவோர் அவற்றைத் தேர்ந்துகொள்க என்பது அதன் கருத்து. இங்கு நின்று நோக்க வேண்டும். பாத்திரமேற்று ஆடுதல் என்பது வகைப்பெயரின் உள்ளேயே இருப்பது. அவ்வாறிருக்க, அதனை மெய்யாகச் செய்ய விழைவோர்க்கு அதே சொல்லை மீண்டும் ஒருமுறை சேர்க்க வேண்டியிருந்தது என்றால், பெயருக்குள் இருந்த சொல் உயிரிழந்துவிட்டது என்பதே பொருள். நல்லெண்ணெய் என்னும் சொல் பிறந்த வரலாறும் இதுவே. ஆடுவோருள் ஒரு பகுதியினர்க்கே பொருந்தும் இலக்கணத்தை இனம் முழுதுக்கும் கூறியமையின் இஃது அவ்வியாத்தியின்பாற்படும். ஆயினும் இம்மாற்றம் இயல்பாய் நேர்ந்தது, குறை கூறத்தக்கதன்று.

இனி, எண்ணைக் குறிக்கும் சொல்லை நோக்குவோம். பெலருஸ் நாட்டு மின்ஸ்க் நகரில் தோன்றிய வார்கேமிங் நிறுவனத்தாரின் வேர்ல்டு ஆஃப் டாங்க்ஸ் என்னும் விளையாட்டு 2010-இல் ருசிய நாட்டிலும், அடுத்த ஆண்டில் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வெளிவந்தது. அது 'மாசிவ்லி மல்ட்டிபிளேயர்' என்னும் அடையோடு விளம்பரஞ் செய்யப்பட்டது. அதன் வழக்கமான போரில் ஓர் அணிக்கு 15 பேராக, களத்தில் நிற்போர் 30 பேரே. இதனோடு 2003-இல் தொடங்கிய ஈவ் ஆன்லைன் என்னும் விண்வெளி விளையாட்டை ஒப்பிடுக. அதில் 2014 ஜனவரியில் நிகழ்ந்த ஒரு பெரும்போரில் மொத்தம் 7,500-க்கு மேற்பட்டோர் பங்குகொண்டனர். ஒரே அடைமொழி 30 பேர்க்கும் பொருந்துகின்றது, 7,500 பேர்க்கும் பொருந்துகின்றது. 2017-இல் பரவிய ஃபோர்ட்நைட் போர்க்களத்திலோ 100 பேர் ஒரே தீவில் இறங்குவர். ஆயினும் அதற்கு அவ்வடைமொழி வழங்குவதில்லை. எண்ணைக் குறிக்கப் பிறந்த சொல் எண்ணைக் குறிக்கவில்லை என்பது இதனால் தெளிவாம்.

வார்கேமிங் நிறுவனத்தார் சார்பில் ஒன்று கூறலாம். போர்க்களத்தில் 30 பேரே எனினும், ஒரு சர்வரில் ஒரே காலத்தில் பல்லாயிரவர் கூடியிருப்பர். ஆடுவோர் ஈட்டிய ஊர்திகளும் நிலையும் போர் முடிந்த பின்னும் அவர் கணக்கில் நிற்கும். ஆதலால் அடைமொழி பொருந்தும் என்பர். இது பொய்யன்று. களத்தை அளவாகக் கொண்டால் அசம்பவம். கணக்கேட்டை அளவாகக் கொண்டால் பொருத்தம். எந்த அளவைக் கொண்டு சொல்லப்பட்டது என்பதை விளம்பரம் சொல்லாது விடுவதே இங்குள்ள குற்றம். படிப்பவர் பெரிய அளவை நினைப்பர். விற்பவர் சிறிய அளவைத் தருவர். சொல்லோ இரண்டுக்கும் இடங்கொடுத்து நிற்கும்.

3. விரும்பாது விலக்கிய பெயர்

பொருந்தாத பெயரை விரும்பிச் சூடுதல் ஒருபுறமிருக்க, ஓரளவு பொருந்தும் பெயரை வேண்டாவென விலக்குதலும் உண்டு. அரினாநெட் நிறுவனத்தாரின் கில்டு வார்ஸ் 2005 ஏப்ரலில் வெளிவந்தது. பாத்திரம், கூட்டம், கற்பனை நாடு ஆகிய எல்லாம் அதில் இருந்தன. எனினும் அதனை ஆக்கியோர் எம்.எம்.ஓ. என்னும் பெயரை ஏற்காது, 'கோம்பட்டிட்டிவ் ஆன்லைன் ரோல்-பிளேயிங் கேம்' என்னும் புதுப்பெயரைச் சூட்டினர். பலர் மிகப் பலராய்க் கூடுதல் என்னும் சொல் போய், போட்டி என்னும் சொல் அவ்விடத்தில் வந்தது.

இதற்குரிய காரணம் இருவகைப்படும். முதலாவது, பொருளின் இயல்பு. அவ்விளையாட்டில் ஊர்களில் மட்டுமே அயலார் ஒருங்கு கூடுவர். ஊரெல்லையைக் கடந்தால், ஒவ்வொரு சிறு குழுவுக்கும் தனித்தனிப் படியாகக் காடும் மலையும் அமையும். அங்கே பிறர் எதிர்ப்படார். எனவே பழைய பெயர் முற்றும் பொருந்தாது என்றமை நேர்மையான கூற்றே. இரண்டாவது, விலை. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் மாதம் ஏறத்தாழ 15 டாலர் வாங்கிய காலம் அது. கில்டு வார்ஸுக்கு மாதக் கட்டணம் இல்லை. ஒருமுறை வாங்கினால் போதும். மாதக் கட்டணத்தை நினைவூட்டும் பெயரை அவர்கள் விலக்கியதில் வாணிக நுண்மையும் உண்டு. இவ்விடத்தில் விற்போர் இட்ட பெயர், எழுதுவோர் பலர் வழங்கிய பெயரினும் செப்பமானது என்பதைத் திறனாய்வாளர் ஒப்புக்கொள்ளல் வேண்டும். வாணிகர் சொல் என்பதொன்றே ஒரு சொல்லைத் தள்ளுதற்குக் காரணமாகாது.

ஏழாண்டுகளுக்குப் பின், 2012 ஆகஸ்டில், அதே நிறுவனத்தாரின் கில்டு வார்ஸ் 2 வெளிவந்தபொழுது, முன்பு விலக்கிய பெயரை அவர்கள் உவந்து ஏற்றனர். பொருளும் மாறியிருந்தது: புதிய உலகின் பெருவெளிகளில் அயலார் பலர் ஒருங்கு கூடினர். பெயரும் மாறியிருந்தது: மாதக் கட்டணம் என்னும் உட்பொருள் அதனின்று கழன்றுகொண்டிருந்தது. 2011 டிசம்பரில் கட்டண முறையோடு வெளிவந்த ஸ்டார் வார்ஸ்: தி ஓல்டு ரிப்பப்ளிக் என்னும் பெருஞ்செலவு விளையாட்டு, ஓராண்டு நிறைவதற்குள், 2012 நவம்பரில், கட்டணமின்றியும் ஆடலாம் என வாயிலைத் திறந்தது இதற்குச் சான்று.

2014 செப்டம்பரில் வெளிவந்த டெஸ்டினி மற்றொரு சான்று. பஞ்சி நிறுவனத்தார் ஆக்கிய அதில், நிலையான கணக்கு, அயலாரை எதிர்கொள்ளும் பொதுவெளி, கூட்டாகச் செல்லும் படையெடுப்பு ஆகியவை இருந்தன. ஆயினும் அது 'ஷேர்டு-வேர்ல்டு ஷூட்டர்', அதாவது பகிர்ந்த உலகில் சுட்டு ஆடும் விளையாட்டு, என்றே அறிமுகப்படுத்தப்பட்டது. துப்பாக்கி விளையாட்டில் பழகியோர், நெடுநேர உழைப்பையும் சிக்கலான கணக்கையும் நினைவூட்டும் பழைய பெயரைக் கேட்டு அஞ்சக்கூடும் என்பது உய்த்துணரத்தக்கது. பகிர்ந்த உலகம் என்னும் தொடர் எத்துணைப் பேருடன் பகிர்தல் என்பதைச் சொல்லவில்லை. அது சொல்லாமையே அதன் பயன்.

4. ஒரு பொருள், பல பெயர்

ஒரே வகைக்குப் பல நிறுவனத்தார் பல பெயரிட்ட வரலாறு இவற்றினும் தெளிவானது. ஸ்டார்கிராஃப்ட் என்னும் விளையாட்டில், ஆடுவோரே அமைத்த ஏயான் ஆஃப் ஸ்டிரைஃப் என்னும் ஆடுகளத்தை முன்மாதிரியாகக் கொண்டு, 2003-இல் வார்கிராஃப்ட் 3 விளையாட்டில் 'டோட்டா' என்னும் ஆடுகளம் அமைந்தது. அதனை அமைத்தவரும் வளர்த்தவரும் ஊதியம் பெற்ற பணியாளர் அல்லர்; ஆட்டத்தில் ஆர்வமுடையோரே. இரண்டு அணிகள், மூன்று பாதைகள், பாதைதோறும் காவற் கோபுரங்கள், தாமே அணிவகுத்துச் செல்லும் சிறு படைகள், ஒருவர்க்கு ஒரு வீரன், எதிரியின் அடித்தளத்தை அழித்தால் வெற்றி. இதன் இலக்கணம் இவ்வளவு திட்பமுடையது.

ரயட் நிறுவனத்தார் 2009 அக்டோபரில் இம்முறையில் லீக் ஆஃப் லெஜண்ட்ஸை வெளியிட்டனர். அவர்கள் பரப்பிய வகைப்பெயர் 'மல்ட்டிபிளேயர் ஆன்லைன் பேட்டில் அரீனா', சுருங்க மோபா. இணையத்தில் பலர் பொரும் களம் என்பது அதன் பொருள். மேற்கூறிய இலக்கணங்களுள் ஒன்றேனும் இப்பெயரில் இல்லை. பாதையும் கோபுரமும் படையும் எங்கே? இணையத்தில் பலர் கூடிப் போரிடும் எவ்விளையாட்டுக்கும் இப்பெயர் செல்லும். கொம்புடையது பசு என்றாற்போல்வதாகலின் இஃது அதிவியாத்தி. ஆயினும் இவ்விரிவு ஒரு பயன் செய்தது. அதுகாறும் 'டோட்டா போன்றவை' என முன்னோடியின் பெயராலேயே சுட்டப்பட்டவை, இனி முன்னோடியின் பெயரைச் சொல்லாமலே விற்கப்படலாயின.

அம்முன்னோடியின் பெயரைத் தமக்கே உரியதாக்க முயன்ற வால்வு நிறுவனத்தார், டோட்டா 2 என்னும் விளையாட்டை 2013 ஜூலையில் முறையாக வெளியிட்டனர். அவர்கள் மோபா என்னாது, செயல் மிகுந்த போர்த்தந்திர விளையாட்டு என்னும் பொருளில் 'ஆக்‌ஷன் ஆர்.டி.எஸ்.' என்றனர். பிளிசார்டு நிறுவனத்தாரின் ஹீரோஸ் ஆஃப் தி ஸ்டார்ம் 2015 ஜூனில் வெளிவந்தது. அவர்கள் இட்ட பெயர் 'ஹீரோ பிராலர்'. கொரியாவிலோ, ஆடுவோர் பழைய ஏயான் ஆஃப் ஸ்டிரைஃப் என்னும் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு ஏ.ஓ.எஸ். என வழங்கினர். டோட்டா என்னும் சொல்லின் உரிமை பற்றி வால்வும் பிளிசார்டும் வழக்கிட்டு, 2012 மே மாதத்தில் உடன்பட்டன: வாணிகத்தில் அச்சொல்லை வால்வு ஆளலாம், பிளிசார்டு தன் வாணிகப் பொருளுக்கு வேறு பெயர் கொள்ள வேண்டும். ஊதியமின்றி ஆர்வலர் படைத்த ஆடுகளத்தின் பெயர், இரு பெருநிறுவனங்களின் உடன்படிக்கைப் பொருளாயிற்று.

இந்நான்கு பெயர்களுள் முன்னோடியை மறவாதது ஆடுவோர் வழங்கிய பெயர் ஒன்றே. மற்ற மூன்றும் நிறுவனத்தார் இட்டவை. மூன்றிலும் முன்னோடியின் சுவடு இல்லை. வகைப்பெயர் ஒரு துறையின் வரலாற்றைச் சுமப்பது. அதனை மாற்றுவோர் வரலாற்றின் ஒரு பகுதியையும் உடன் மாற்றுகின்றனர்.

5. நூற்பெயர் வகைப்பெயர் ஆனமை

'பேட்டில் ராயல்' என்னும் தொடர், மற்போரரங்கில் பலர் ஒருங்கு புகுந்து, இறுதியில் எஞ்சுபவர் வெல்லும் போட்டியைக் குறித்தது. அதனை ஜப்பானிய எழுத்தாளர் டகாமி கோஷுன் 1999-இல் தம் புதினத்துக்குப் பெயராக்கினார். 2000-இல் அது திரைப்படமாயிற்று. அத்திரைப்படத்தால் தூண்டப்பெற்ற பிரெண்டன் கிரீன் என்பார், பிறர் விளையாட்டொன்றில் செய்த மாற்றத்துக்கு அப்பெயரையே இட்டார். அவர் துணையுடன் 2017 மார்ச்சில் விற்பனைக்கு வந்தது பப்ஜி. அதே ஆண்டு செப்டம்பரில், ஃபோர்ட்நைட் தன் புதிய ஆட்டமுறைக்கு 'ஃபோர்ட்நைட் பேட்டில் ராயல்' எனப் பெயரிட்டது. மற்போர், புதினம், திரைப்படம், மாற்றம், ஆட்டமுறை என ஐந்து படிகளைக் கடந்து அத்தொடர் ஓரினத்தின் பெயராய் நின்றது.

இப்பெயர் மோபாவினும் செவ்விதானது என்பது என் கருத்து. பலர் புகுவர், ஒருவரோ ஓரணியோ எஞ்சும் என்னும் உயிரிலக்கணத்தை அது சுமந்து நிற்கின்றது. ஆட்டத்தைக் கண்டு பழகியோர் வாயில் வளர்ந்த பெயர் என்பதே இதற்குக் காரணம். அதனை நிறுவனத்தார் பின்னர்த் தம் விற்பனைக்குப் பயன்படுத்தினர், படைத்தவர் அல்லர்.

6. விலையைக் குறிக்கும் சொற்கள்

இதுவரை ஆட்டமுறையைக் குறிக்கும் பெயர்களை நோக்கினோம். கடையில் ஒரு விளையாட்டின் பக்கத்தில் நிற்கும் 'இலவசம்', 'வாங்குக' என்னும் சொற்களும் வகைப்பெயர்களே. அவை விலைமுறையால் வகுப்பன.

இலவசம் என விளம்பரஞ் செய்யப்பட்டு, உள்ளே புகுந்த பின் பொருள்களை விற்கும் விளையாட்டுகள் பற்றி ஐரோப்பிய ஆணையம் கேள்வி எழுப்பியதன் பயனாக, 2014-இல் கூகிள் நிறுவனம் அத்தகைய விளையாட்டுகளை இலவசம் எனக் குறிப்பதை நிறுத்த உடன்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் தன் கடையில் இலவசம் என்றிருந்த பொத்தானைப் 'பெறுக' என மாற்றியது. கட்டணமின்றி முழுதும் ஆடத்தக்க விளையாட்டுகளும் உள்ளன. பணங்கொடாதாரை ஒவ்வோரடியிலும் நிறுத்தி வைப்பனவும் உள்ளன. ஒரு சொல் இவ்விரண்டையும் மூடி நின்றமையே வழக்குக்குக் காரணம்.

'வாங்குக' என்னும் சொல்லின் கதை இதனினும் கடுமையானது. யூபிசாஃப்ட் நிறுவனத்தாரின் தி க்ரூ என்னும் கார்ப்பந்தய விளையாட்டு 2014 டிசம்பரில் வெளிவந்தது. ஒருவர் தனியே ஓட்டி மகிழினும், இணையத்தின் வழி அந்நிறுவனத்தின் சர்வரோடு தொடர்பு இருந்தே ஆக வேண்டும். மக்கள் அதனை ஏனைப் பந்தய விளையாட்டுகளைப் போலவே விலைகொடுத்து வாங்கினர். 2024 மார்ச் 31-இல் சர்வர்கள் நிறுத்தப்பட்டன. அதன்பின் தனியே ஓட்டுதலும் இயலாதாயிற்று. பந்தய விளையாட்டு என்னும் வகைப்பெயர் ஆட்டத்தைச் சரியாகவே சொன்னது. வாங்குக என்னும் சொல்லோ ஒரு பொருளைத் தருவதாகச் சொன்னது. கொடுத்ததோ, கொடுப்போர் விரும்புங்காறும் நிற்கும் ஒரு பணி. இரண்டு பெயர்களுள் எதுவும் அதன் வாழ்நாளைச் சொல்லவில்லை.

இதனை எதிர்த்து எழுந்த இயக்கத்தின் மனுவில், 2025 ஜூலையில், ஐரோப்பிய ஒன்றியத்தில் கையொப்பமிட்டோர் தொகை 10 லட்சத்தைக் கடந்தது. கலிபோர்னியா மாநிலம் 2024-இல் இயற்றி 2025 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொணர்ந்த சட்டம், பெறுவது உரிமமே என்பதைத் தெளிவாக அறிவியாமல் இத்தகைய மின்பொருள்களுக்கு 'வாங்குக' என்னும் சொல்லை ஆளுதல் கூடாது என்கின்றது. நம் நாட்டில், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டமும், விளையாட்டின் பெயரை நோக்காது, பணங்கட்டிப் பணம் பெறும் எதிர்பார்ப்பு உண்டா என்பதையே நோக்கி வகுக்கின்றது. பெயர்ப்பொருளை வரையறுக்கும் பணியைத் திறனாய்வாளர் செய்யாது விட்ட இடத்தில், சட்டம் இயற்றுவோர் செய்ய நேர்ந்துள்ளது.

7. தடையும் விடையும்

வகைப்பெயர் வேண்டப்படும் கருவிதானே, ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் குவிந்துள்ள கடையில் அஃதின்றித் தேர்வது எங்ஙனம் எனச் சிலர் வினவக்கூடும். பெயர் வேண்டா என்பது நம் கருத்தன்று. நூலகத்தில் நூல்களை வகைப்படுத்தாது அடுக்கினால் எவர்க்கும் பயனில்லை. ஆயினும், நூலகத்தில் வகுப்பவர் விற்பவர் அல்லர் என்னும் வேறுபாட்டை மறத்தலாகாது.

ஆடுவோரே பெயரிட்டால் இக்குறை நீங்கும் என்பர் வேறு சிலர். ஸ்டீம் என்னும் விளையாட்டுக் கடையில் 2014 முதல் ஆடுவோர் தாமே குறிச்சொற்களை இடும் முறை உள்ளது. அது நன்மையே. எனினும், பலர் இட்ட சொல்லே மேலே தோன்றும். பலர் இடுவதோ விளம்பரத்தால் முன்னரே செவியிற் பதிந்த சொல்லாக இருத்தலும் கூடும். வழக்கு விரிந்த எண்ணெயை வழக்கே மீண்டும் சுருக்கவில்லை. புதியதொரு சொல்லே வேண்டியிருந்தது.

இலக்கியம் முன்னே, இலக்கணம் பின்னே. ஆதலால் புதுமை தோன்றுங்கால் பழைய பெயர் பொருந்தாதிருத்தல் இயல்பே என்பது மூன்றாவது தடை. இஃது உண்மை. கில்டு வார்ஸைப் பற்றிக் கூறியதும் அதுவே. ஆயின், இலக்கணம் பின்னே வரவேண்டும் என்பதும் அக்கூற்றின் ஒரு பாதியன்றோ? பின்னே வரவேண்டிய இலக்கணத்தை எழுதாது, விற்போர் தந்த பெயரையே மதிப்புரையின் தலைப்பில் வைத்து, அப்பெயருக்குரிய எதிர்பார்ப்பைக் கொண்டு பொருளை அளப்பது திறனாய்வு ஆகாது.

8. முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் சில உண்மைகள் பெறப்படும். ஆடுவோர் வாயில் வளர்ந்த பெயர்கள் முன்னோடியையோ உயிரிலக்கணத்தையோ சுமக்கின்றன. விற்போர் இட்ட பெயர்களுள் சில செப்பமானவை. பல, அளவைச் சொல்லாது விரிந்து நிற்பவை. விலையைக் குறிக்கும் பெயர்களே வாங்குவோர்க்கு மிகுந்த இழப்பைத் தரவல்லவை.

ஆதலின், இத்துறையில் ஒரு விளையாட்டை மதிப்பிடப் புகுவோர், அதன் பெயரை எழுதுமுன் ஐந்து வினாக்களுக்கு விடை எழுதுதல் நன்று. ஒரே இடத்தில், ஒரே காலத்தில், மெய்யாக எதிர்ப்படுவோர் எத்துணையர்? ஆடுபவர் நீங்கிய பின்னும் அவ்வுலகம் இயங்குமா? ஓர் ஆட்டத்தில் ஈட்டியது அடுத்த ஆட்டத்துக்குச் செல்லுமா? பணம் எவ்விடத்தில், எத்துணை முறை கேட்கப்படுகின்றது? சர்வர் நின்றால் எஞ்சுவது யாது?

இவ்வைந்தும் எழுதப்பட்ட பின் பெயர் எதுவாயினும் தீங்கில்லை. மோபா என்க, பிராலர் என்க, படிப்பவர் மயங்கார். தி க்ரூவை 2014-இல் வாங்கியவர்க்கு ஐந்தாம் வினாவுக்குரிய விடையை எவரேனும் எடுத்துரைத்திருப்பின், அவருட் சிலர் வாங்காதிருந்திருப்பர். சிலர் அறிந்தே வாங்கியிருப்பர். அறிந்து வாங்குதலே அவர்க்கு உரியது. அதனை அவர்க்கு அளிப்பது திறனாய்வின் கடன்.